டிரங்குப் பெட்டியில் ஒரு ஜெராக்ஸ்



வெளிநாட்டில் இருக்கும்போது போர் மூண்டால் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். கேட்க வேண்டியவர்கள் யாரும் இந்தப் பந்தலில் இல்லை. அவர்கள் ஷார்ஜாவிலும் தம்மாமிலும் தோஹாவிலும் டூட்டி முடிந்து ரூமுக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அதுவும் நல்லதுதான். நான் பேச வந்தது வீட்டில் இருக்கும் உங்களிடம். ஏனென்று போகப் போகச் சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடிகாலை. இராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. என் மச்சான் அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் தகவலே இல்லை. சாயங்காலமானால் என் அக்கா ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பி.பி.சி. தமிழோசைக்காகக் காத்திருப்பாள். குவைத் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அடுப்பில் இருப்பது கருகினாலும் எழுந்திருக்க மாட்டாள்.

செப்டம்பர் கடைசியில் மச்சான் வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு கட்டுத் தினார், ஆறு வருடச் சேமிப்பு. குவைத்தைத் தன் 19-வது மாகாணம் என்று இராக் அறிவித்துவிட்டது. நாடே இல்லை என்றான பிறகு அதன் நோட்டை யார் வாங்குவார்? அம்மானிலும் மாற்ற முடியவில்லை, பம்பாயிலும் முடியவில்லை. வெகுநாள் அந்தக் கட்டு எங்கள் வீட்டுப் பீரோவில் துணிகளுக்கு நடுவே கிடந்தது.

அவர் வந்த கதையைக் கேளுங்கள். பாஸ்போர்ட் இருந்தது கடை முதலாளியின் அலமாரியில். முதலாளியோ சவூதிக்குத் தப்பிவிட்டார், சாவி அவரோடு போய்விட்டது. மச்சானிடம் மிஞ்சியது பர்ஸில் மடித்து வைத்திருந்த ஒரு ஜெராக்ஸ். மடிப்பெல்லாம் கிழிந்து நாலு துண்டாகியிருந்ததாம். அதைப் பார்த்துத்தான் தூதரகத்தில் ஊர் திரும்ப ஒரு காகிதம் எழுதிக்கொடுத்தார்கள். பிறகு பாக்தாத் வழியாகப் பேருந்து, ஜோர்டான் எல்லைப் பாலைவனத்தில் கூடாரம், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானம்.

அந்த முறை ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். ஏர் இந்தியா இரண்டு மாதத்தில் 488 தடவை பறந்தது. 2016-ல் இதை வைத்து ‘ஏர்லிஃப்ட்’ என்று இந்திப் படம் வந்தது. கதாநாயகன் ஒருவரே எல்லோரையும் கரை சேர்ப்பார். நடந்தது அப்படியல்ல. குவைத்தில் இருந்த நம்மவர்கள் குழு சேர்ந்தார்கள், பெயர்ப்பட்டியல் எழுதினார்கள், பேருந்து பிடித்தார்கள். பக்கம் பக்கமாகப் பெயர் எழுதுகிற வேலையைச் சினிமாவில் காட்ட முடியாது, பாவம்.

அந்தக் காலம் வேறு, இப்போது எல்லாம் செல்போனில் இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். 2025 ஜூன் 13-ம் தேதி இஸ்ரேல் இரானைத் தாக்கியது. சில நாட்களில் இரானில் இணையம் ஏறக்குறைய முழுவதும் நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் பத்திரமாக வைத்திருந்த பாஸ்போர்ட் படம் வாட்ஸ்அப்பிலேயே இருந்தது! வான்வழியும் அடைபட்டிருந்தது. உருமியாவில் படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்கள் உட்பட 110 பேர் தரைவழியாக ஆர்மீனியாவுக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறி 19-ம் தேதி தில்லியில் இறங்கினார்கள். ஆர்மீனியா எங்கே இருக்கிறது என்று முப்பது வருடம் பூகோளம் நடத்திய நானே படத்தை விரித்துப் பார்த்துத்தான் உறுதிசெய்துகொண்டேன். அதனால் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: நீ இருக்கிற ஊருக்குப் பக்கத்து நாடு எது? தரைவழி உண்டா, இல்லை கடல்தானா? தெரியாது என்றால் இன்றைக்கே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

எப்போது கிளம்புவது? இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உக்ரைனை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி 15-ம் தேதியே, அவசியமில்லாதவர்கள், முக்கியமாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்று நம் தூதரகம் அறிவித்தது. போர் தொடங்கியது 24-ம் தேதி. நடுவில் ஒன்பது நாள். விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் டிக்கெட் விலை எகிறியது. ஆன்லைன் வகுப்பு உண்டா இல்லையா என்று பல கல்லூரிகள் பிடிகொடுத்துப் பேசவில்லை. நேரில் வராவிட்டால் அட்டென்டன்ஸ் போய்விடுமே என்று பிள்ளைகள் இருந்துவிட்டார்கள். 24-ம் தேதி வான்வழி மூடிக்கொண்டது.

குண்டு விழ ஆரம்பித்த பிறகு கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அதுவரை ‘கிளம்பு’ என்பதுதான் புத்தி. அதன்பிறகு வழி தெரியாமல் கிளம்புவதுதான் ஆபத்து. போலந்து எல்லைக்கு அந்தக் குளிரில் மைல் கணக்கில் நடந்து, கதவு திறக்குமா என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்களோடு பேசாமல் எல்லைக்கு வராதீர்கள் என்று தூதரகமே சொல்ல வேண்டிவந்தது. ஆனால் அதே தூதரகம் மார்ச் 2-ம் தேதி கார்கிவில் இருந்தவர்களுக்கு வேறு மாதிரி சொன்னது: மாலை ஆறு மணிக்குள் ஊரைவிட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள். அதற்கு முந்தின நாள்தான் அங்கே சாப்பாட்டுப் பொருள் வாங்க வெளியே போன கர்நாடக மாணவர் ஒருவர் இறந்திருந்தார். இரு என்றால் இருக்கவும், நட என்றால் நடக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்குத் தூதரகத்தில் நம் பெயரும் நம்பரும் முன்பே இருக்க வேண்டும்.

பெயர் இல்லாவிட்டால்? 2014-ல் இராக்கின் மோசுல் நகரத்தில் ஐ.எஸ். தீவிரவாதிகள் பிடித்துக்கொண்டுபோன கட்டடத் தொழிலாளர்களில் 39 இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்கள் வீடு வந்தது 2018-ல். அவர்கள் ஏஜெண்டு மூலம் முறையில்லாமல் போனவர்கள், எந்தத் தூதரகத்திலும் பதிவு இல்லை என்று அமைச்சர் சொன்னார். நாலு வருடம் அந்த வீட்டுப் பெண்கள் சுமங்கலியா, விதவையா என்று தெரியாமல் இருந்தார்கள்.

அதே 2014-ல் இராக்கின் திக்ரித் ஆஸ்பத்திரியில் 46 செவிலியர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலும் கேரளத்துப் பிள்ளைகள். தூதரகத்தோடு போன் தொடர்பு அறுபடாமல் இருந்தது, எர்பில் வழியாகப் பத்திரமாக வந்துவிட்டார்கள். அதில் ஒரு சேதி என்னைத் தூங்கவிடவில்லை. ஆரம்பத்தில் அவர்களில் சிலருக்கே திரும்பி வரத் தயக்கமாம். போக வாங்கின கடன் அப்படியே நிற்கிறது, சம்பளப் பாக்கி வரவில்லை, வெறுங்கையோடு எப்படி வருவது என்ற தயக்கம்.

தாய்மார்களே, உங்களிடம்தான் பேச வந்தேன் என்றது இதற்காகத்தான். சைரன் அடித்தால் ஜன்னல் பக்கம் நிற்காதே, உள்ளறைக்குப் போ, விழுந்த துண்டைத் தொடாதே, வீடியோ எடுக்காதே, எடுத்தால் அங்குள்ள போலீசே பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் பிள்ளைக்கு அங்கே யாராவது சொல்லிவிடுவார்கள். ‘போனால் போகட்டும், நீ வந்துவிடு’ என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அதை இந்த ஊரிலிருந்துதான் சொல்ல வேண்டும். நாம் என்ன சொல்கிறோம்? “தங்கச்சி நிக்காஹ் முடியட்டும்”, “கான்கிரீட் போட்டுவிட்டு வா”, “நகை வட்டி இந்த மாதம் கட்டணும்.” அவன் போனை வைத்துவிட்டு இருந்துவிடுகிறான்.

என் மச்சான் 1991-ல் மறுபடி குவைத்துக்கே போனார். கடன் கொடுத்தவன் வாசலில் நின்றான், வேறென்ன செய்வார்? ஆனால் இந்த முறை அக்கா ஒரு காரியம் செய்தாள். பாஸ்போர்ட் நகல், விசாப் பக்கம், பத்தாக்கா என்கிற அடையாள அட்டையின் நகல், முதலாளி பெயர், கடை இருக்கிற தெரு, பக்கத்து ரூம்காரர் பெயர், அவர் ஊர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். கவர் மேல் மையால் ஒரு விமானம் வரைந்திருந்தாள்.

நூலகர் ஒரு ஜெராக்ஸ் மெஷினை இரவல் வாங்கி வாசலில் போட்டிருக்கிறார். காசு கிடையாது, கவரும் நாங்களே தருகிறோம். நகல் வீட்டில் இல்லாதவர்கள் இப்போதே பிள்ளைக்குப் போன் போட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்பது மணி வரை இருப்போம், கரண்ட் இருந்தால். முதல் ஆளாக அந்தத் தூணருகே இருக்கும் பாட்டி வாங்க, உங்கள் பேரன் எந்த ஊரில் இருக்கிறான்?