நேமிப்புள் தங்கும் நீர்நிலை



இரவில் துணையைப் பிரிந்து வருந்துவதாகக் கவிமரபு கூறும் சக்கரவாகத்தைப் பற்றி ஒருநாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். நேமிப்புள் என்றும் அதற்குப் பெயருண்டு என்றேன். "அம்மா, அப்பறவை இன்றும் இருக்கிறதா?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. "அது கவிமரபு" என்று சொல்லி நழுவினேன். அந்த நாணமே இவ்வுரைக்குக் காரணம்.

சக்கரவாகம் கற்பனையன்று. செம்பொன் நிற உடலும் வெளிறிய தலையும் கொண்ட வாத்தினம் அது. திபெத்து, லடாக் முதலிய உயர்நிலங்களில் பொந்துகளில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் தாழ்நிலங்களுக்கு இறங்கும். இரவில் இரை தேடும் இயல்புடையது. அவ்வேளையில் கேட்கும் அதன் குரலே பிரிவுக் கதைக்கு வித்தாகியிருக்கலாம். அது வந்து தங்கும் இடங்களுள் ஒன்று, இமயத்தின் அடிவாரத்தில், உத்தராகண்ட் மாநிலத்து டேராடூன் மாவட்டத்திலுள்ள ஆசன் நீர்நிலை.

ஆசன் ஆறு யமுனையோடு கூடுமிடத்தருகே 1967-இல் தடுப்பணை எழுந்தது. அங்கே தேங்கிய வண்டல், சேற்றுத் திட்டுகளாகவும் நாணற்புதர்களாகவும் மாறிப் பறவைகளை ஈர்த்தது. 444 ஹெக்டேர் பரப்பில் 330 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் செந்தலைப் பாறும் வெண்முதுகுப் பாறும் அவற்றுள் அடங்கும். 2005-இல் இவ்விடம் பாதுகாப்புக் காப்பகமாயிற்று. 2020-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

ஆயினும் இடர்கள் நீங்கவில்லை. வாழ்வளித்த வண்டலே மிகுந்தால் நீர்ப்பரப்பைத் தூர்த்துவிடும். மின்னாக்கத்திற்காக நீரைத் திறப்பதும் அடைப்பதுமாக இருப்பதால் நீர்மட்டம் ஏறியிறங்குகிறது. ஊர்க்கழிவும் வயல்களின் பூச்சிமருந்தும் ஆற்றோடு வருகின்றன. ஆற்றுப்படுகைகளில் மணலும் கல்லும் அள்ளப்படுகின்றன.

அதே மாவட்டத்தில், கால்சி என்னும் ஊரில் அசோகரின் பாறைக் கல்வெட்டு உள்ளது. மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறுமிடத்து அது சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுகிறது. அப்பேரரசர் முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனம், கொல்லலாகாத உயிர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவற்றுள் சக்கரவாகமும் ஒன்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் ஓர் அரசர் உயிராகக் கண்டு காக்க முனைந்த பறவையை, நான் வெறும் உவமையாகவே கற்பித்து வந்திருக்கிறேன்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவையைப் பாடும்போது அது நிற்கும் நீரையும் அறிந்து பாடுங்கள். 'இருக்கிறது' என்று அம்மாணவிக்கு இன்று என்னால் விடை கூற இயலும். 'இனியும் இருக்கும்' என்று கூறவே விழைகிறேன்.