உழுதலும் உழைத்தலும்



பெயர்ச்சொற்கள் ஒரு மொழிக்குள் வரும், போகும். வினைச்சொற்களோ மக்களின் தொழிலிலும் வாழ்விலும் வேரோடி நிற்கும். ஓர் இனம் எப்படி வாழ்ந்தது என்பதை அதன் வினைச்சொல்லே காட்டிவிடும்.

செருமானியர் நாள்தோறும் வழங்கும் வினை 'அர்பைட்டன்'. வேலை செய்தல் என்பது அதன் இன்றைய பொருள். ஆனால் 1200-ஆம் ஆண்டளவில் எழுந்த நிபெலுங்குப் பெருங்காவியத்தில் அதன் பெயர்வடிவம் துன்பம், கடும்பாடு என்னும் பொருளிலேயே வருகின்றது. உழைப்பை அம்மக்கள் முதலில் துயராகவே கண்டனர். அது பெருமையாக மாறியது பிற்காலத்தில்.

தமிழில் நிலை என்ன? உழத்தல் என்றால் வருந்துதல். முயலுதலும் பழகுதலும் அதுவே. உழைத்தல் என்றால் பாடுபடுதல். உழுதல் என்றால் நிலத்தைக் கீறுதல். காட்டுப்பன்றி மண்ணைக் கிளறுவதையும் சங்கப் புலவர் உழுதல் என்றே பாடினர். ஒலியாலும் பொருளாலும் இம்மூன்றும் உறவுடையன. செருமானியச் சொல்லில் துயர் உண்டு, மண் இல்லை. தமிழிலோ துயரும் முயற்சியும் மண்ணும் ஒருங்கே நிற்கின்றன.

இதன் மெய்ம்மையைக் காணக் கோயில்பட்டிக் கரிசலுக்கு வரவேண்டும். நனைந்தால் காலைப் பற்றும் மண் அது. காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும். வானம் பார்த்த அப்புன்செயில் பதம் தவறாமல் உழுது, பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைவிப்போர்க்கு உழுதலும் உழத்தலும் வேறல்ல. மரக்கலப்பை போய் உழவுந்து வந்தபின்னும் அவர்கள் 'உழவு போட்டாயிற்று' என்றே சொல்கின்றனர். கருவி மாறியது, வினை மாறவில்லை.

ஆனால் பள்ளிக்குச் சென்ற பிள்ளை 'விவசாயம்' என்கின்றது. அது வடசொல், அதன் மூலப்பொருள் உறுதி, முயற்சி என்பதே. மலைக்கு அப்பால் மலையாளத்தில் அதே சொல் ஆலைத்தொழிலைக் குறிக்கின்றது. ஏரும் மண்ணும் அச்சொல்லில் எங்கே? கரிசல் பாட்டி சொல்லும் 'வெள்ளாமை'யைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று பேரன் நாணுகின்றான். அது வேளாண்மை என்னும் செந்தமிழ்ச் சொல்லின் பேச்சுவடிவம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. 1901-இல் கோயில்பட்டியில் தொடங்கிய ஆய்வு நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்று நிற்பதும் அவ்வேளாண்மையே!

இக்கரிசலில் தெலுங்கு பேசும் உழவரும் பலர். அவர்தம் 'துன்னு' என்னும் வினையை நம் 'உழு'வின் உடன்பிறப்பாகவே மொழிநூலார் கொள்வர். மலையாளத்தார் உழுக என்பர்; கன்னடத்தார் உளு என்பர். வரப்புகள் பல, உழுசால் ஒன்று.

சொல்லை இழந்தவன் அச்சொல் காத்த அறிவையும் இழப்பான். கொழு, மேழி, நுகத்தடி, படைசால் என்பன கலப்பையோடு மறைந்து வருகின்றன. இடைசெவல் கி. இராசநாராயணன் 1982-இல் கரிசல் வழக்குச் சொற்களை அகராதியாக்கித் தந்தார். அப்பணி ஒருவரோடு முடியலாமா? ஊர்தோறும் முதிய உழவரிடம் செல்லுங்கள். அவர்தம் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். வீட்டிலும் விண்ணப்பத்திலும் 'உழவர்' என்றே எழுதுங்கள். உழுதவனைப் போற்றும் முதல் வழி, அவன் சொல்லைப் போற்றுவதே!