வானில் பறக்கவும் வாய்ப்பாடு வேண்டும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"விமானி ஆவேன்" என்று சொல்லும் பிள்ளைகள் நம் புந்தோங்கிலும் உண்டு. கணக்குப் பாடம் வந்தால் மட்டும், "இதைப் படிச்சு என்ன ஆகப் போகுது சார்?" என்கிறார்கள். அவர்களுக்கே இந்த உரை.

விமானி உரிமம் பெற ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். வழிகாணல் ஒரு பாடம்; விமானத்தில் சுமை ஏற்றும் முறை மற்றொன்று.

உங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் காண்டா கம்பில் பால் வாளி சுமந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். ஒரு வாளி 20 கிலோ, மறு வாளி 10 கிலோ, கம்பு 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தோள் கொடுத்தால் சாய்ந்துவிடும். கனமான வாளியிலிருந்து 50 சென்டிமீட்டரில் கொடுத்தால் நிற்கும். 20ஐ 50ஆல் பெருக்குங்கள்; 10ஐ 100ஆல் பெருக்குங்கள். இரண்டும் 1000!

விமானத்திலும் இதே கணக்குத்தான். பயணிகள், பெட்டிகள், எரிபொருள் என்று ஒவ்வொன்றின் எடையையும் அது இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். அது வரம்பு தாண்டிப் பின்னால் போனால் மூக்கு தூக்கிக்கொள்ளும். முன்னால் போனால் மூக்கைத் தூக்குவதே பெரும்பாடு.

வழிகாணலில் 'அறுபதுக்கு ஒன்று' என்றொரு விதி. 60 மைல் பறந்து 1 மைல் விலகினால், பிழை ஏறக்குறைய 1 பாகை. 30 மைலில் 2 மைல் விலகினால்? 4 பாகை. மனக்கணக்குத்தானே!

1983 ஜூலை 23ஆம் நாள் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. அளவுகாட்டி பழுது. கையால் போட்ட கணக்கில் கிலோவுக்குப் பதில் பவுண்டு வந்துவிட்டது. பாதிக்கும் குறைவான எரிபொருளோடு புறப்பட்டு, நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. சறுக்கியே வந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கீழ்வகுப்பில் நாம் படிக்கும் அலகு மாற்றம்தான் அது!

பெற்றோர்களே, விமானப் பயிற்சிக்கு நிறையப் பணம் வேண்டும், மறைக்க மாட்டேன். பண உதவியைப் பிறகு தேடலாம். கணக்கை இப்போதுதான் தேட முடியும். "நமக்கெல்லாம் எட்டுமா?" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள்.

மாணவர்களே, பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் இன்று ஒரு கம்பில் இரண்டு பைகளைக் கட்டி, எங்கே பிடித்தால் நிற்கும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு தூக்குங்கள்.