வலையொலியும் வகுப்பறையும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் வண்டி, வட்டகொடையில் சற்றே நின்று செல்கின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள். வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்திலேதான் 1914ஆம் ஆண்டில் ஸி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற அவர், கவிஞராகவும் நாவலாசிரியராகவும் புகழ் பெற்றார். தோட்டத் தொழிலாளர் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கியமை அவருடைய பெரும்பணிகளுள் ஒன்று. அதனால் பாடல்களின் சொற்கள் பிழைத்தன. ஆனால், பாடியவரின் குரலை ஏடு தாங்குவதில்லை. இழுத்துப் பாடிய இடம் எது, தழுதழுத்த இடம் எது என்பதை அச்செழுத்துச் சொல்லாது.

அன்று இல்லாத ஒரு வசதி இன்று ஆசிரியரின் சட்டைப் பையிலேயே இருக்கின்றது. கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்து, இணையத்தின் வழியே தொடராக அனுப்பி, வேண்டியவர் வேண்டிய வேளையில் கேட்கச் செய்யும் முறைக்குப் பொட்காஸ்ட் என்று பெயர். தமிழில் அதனை வலையொலி என்பர். ஆங்கிலப் பெயர் 2004ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் முதன்முதலாகத் தோன்றியது. பெயர் புதிதாயினும் அதன் வேர் வானொலியே ஆகும்.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் வானொலி நிலையம் தொடங்கியது. பிற்காலத்தில் பாடசாலைகளுக்கென்றே பாட ஒலிபரப்புகளும் நடைபெற்றன. அவற்றின் பயன் பெரிது. குறையும் ஒன்று உண்டு. குறித்த நேரத்தில் கேளாதவனுக்கு அந்தப் பாடம் போனது போனதுதான். விளங்காத இடத்தில் நிறுத்தவும் முடியாது. திரும்பக் கேட்கவும் முடியாது. பேசுபவர் எங்கோ இருப்பார். பிள்ளை கேட்க மட்டுமே கடமைப்பட்டது.

இந்நிலையை மாற்ற முயன்ற ஓர் உதாரணம் இதே மாவட்டத்தில் உண்டு. கொத்மலைச் சமூக வானொலி 1989இல் தோன்றியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு அங்கே இணைய வசதி ஏற்பட்டது. கிராமத்து நேயர்கள் தங்கள் ஐயங்களை அனுப்புவர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, துறை அறிந்தவரைக் கொண்டு எளிய மொழியில் வானொலியிலேயே விளக்குவர். கணினியைக் கண்டிராதவரும் இணையத்தின் பயனைச் செவி வழியே பெற்றனர். கேட்பவரின் கேள்வியிலிருந்து நிகழ்ச்சி பிறக்க வேண்டும் என்பதே கொத்மலை கற்பித்த பாடம்.

வலையொலியைக் கையாள விரும்பும் ஆசிரியருக்கும் இதுவே முதல் விதி. பாடப்புத்தகத்தை உரக்க வாசித்துப் பதிவு செய்வது வலையொலி ஆகாது. மாணவர் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். விடை தேடிச் செல்ல வேண்டும். கண்டதைத் தம் குரலிலே சொல்ல வேண்டும். விஞ்ஞான பாடத்திற்குத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே போதும். கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, ஒட்சியேற்றத்தால் நிறமும் மணமும் மாறி, பின்னர் உலர்த்தப்பட்டுத் தரம் பிரிக்கப்படுவதை, அங்கே வேலை செய்யும் தந்தையின் வாயாலேயே கேட்கலாம். தமிழ்ப் பாடத்திற்கு லயத்துப் பாட்டி இருக்கின்றார். பிரட்டு, மடுவம், பிள்ளைக்காம்பரா முதலிய சொற்களின் கதையையும் ஒரு தாலாட்டையும் அவரிடம் பெறலாம்.

இதில் மொழிப் பயிற்சிக்கு மேலான நன்மை ஒன்றும் உண்டு. தன் வீட்டுப் பேச்சைத் தோட்டத்துப் பேச்சு என்று பிறர் நகைப்பர் எனக் கூசி, வகுப்பிலே வாய் திறவாத பிள்ளைகள் உளர். தன் பாட்டியின் சொல் பாடமாக ஒலிப்பதை வகுப்பு முழுவதும் கேட்டிருக்கும்பொழுது, அத்தகைய பிள்ளை தலை நிமிரும். பிழையாகச் சொன்ன தொடரை அழித்து மீண்டும் சொல்லலாம் என்பதும் அதன் அச்சத்தைப் போக்கும்.

செய்யும் முறை கடினமன்று. ஒரு பதிவு ஐந்து நிமிடத்தை மீறாதிருத்தல் நலம். பேசவேண்டியதை முன்னரே எழுதிப் பழகுதல் வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்யும் வேளை பதிவுக்கு ஆகாது. மலைநாட்டில் காலைப் பொழுதே பெரும்பாலும் ஏற்றது. கதவு ஜன்னல்களைச் சாத்தி, மேசைமேல் ஒரு கம்பளியை விரித்தால் எதிரொலி குறையும். கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டபின் சில விநாடி மௌனம் விட்டால், கேட்கும் மாணவர் தாமே விடை சொல்லிப் பார்ப்பர்.

இடர்களையும் மறைத்தல் ஆகாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையப் பாடம் எல்லாப் பிள்ளைகளையும் எட்டவில்லை. அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்குகளும், கைத்தொலைபேசி இல்லாத வீடுகளும் இருந்தன. இங்கேதான் ஒலிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்த ஐந்து நிமிட உரை, ஏறக்குறைய இரண்டரை மெகாபைட் இடமே கொள்ளும். வட்ஸ்அப் வழியே எளிதில் செல்லும். அதுவும் இல்லாதவிடத்து நினைவக அட்டையில் கைமாறும். வகுப்பறையில் ஒரே ஒலிபெருக்கியில் நாற்பது பேரும் கேட்கலாம். செவிப்புலன் குறைந்த பிள்ளைக்காக உரையின் எழுத்துப் படியும் உடன் இருத்தல் வேண்டும். பிள்ளையின் குரலை ஊரறிய வெளியிடுவதற்கு முன் பெற்றோரின் இசைவு பெறுவதும், முழுப்பெயரையும் முகவரியையும் தவிர்ப்பதும் ஆசிரியரின் கடமை.

வரைபடமும் கேத்திர கணிதமும் கண்ணுக்குரியவை. அவற்றைச் செவியிடம் சுமத்தலாகாது. ஆசிரியரின் இடத்தையும் எந்தக் கருவியும் நிரப்பாது. எனினும், மலையகத்தின் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். வேலுப்பிள்ளை சொற்களைக் காத்தார். குரல்களைக் காக்கும் வாய்ப்பு இன்றைய மாணவருக்குக் கிட்டியுள்ளது. வட்டகொடைப் பாட்டி ஒருவரின் தாலாட்டை அவருடைய பேரப்பிள்ளை இன்று பதிவு செய்யுமாயின், அப்பிள்ளையின் பேரப்பிள்ளையும் அக்குரலைக் கேட்கும்.