பூச்சியம் காட்டிய நீர்



பரீட்சைத் தாளிலே பூச்சியத்தைக் கண்டால் ஆசிரியர் வருந்துவார். நானோ நீர்ப் பரிசோதனையொன்றிலே பூச்சியத்தைக் கண்டு மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி எத்துணைத் தவறானது என்பதை ஒரு முருகைக்கல் மடிந்த பின்னரே உணர்ந்தேன்.

சென்ற மார்கழி விடுமுறையை மெல்பேர்ணிலுள்ள மகள் வீட்டிற் கழித்தேன். அங்கே மருமகன் கண்ணாடித் தொட்டியொன்றிலே உப்புநீர் நிரப்பி, பண்ணையிற் பெருக்கிய முருகைகளையும் சில மீன்களையும் வளர்த்து வருகிறார். நான் சென்றபோது கண்ணாடியிற் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. நீரிற் பொசுபேற்று மிகுந்துவிட்டதென்றார் அவர்.

மீனுக்கு இடும் உணவிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் பொசுபேற்று நீரிற் சேர்கிறது. பரந்த கடலில் அது ஐதாகிவிடும். சிறு தொட்டியிலோ தேங்கும். தேங்கினாற் பாசி பெருகும். அதுவன்றி, முருகை தன் கூட்டைக் கட்டும் கல்சியங்காபனேற்றுப் பளிங்கின் வளர்ச்சியையும் அது தடுக்கும். சிம்கிஸ் என்னும் உயிரியலாளர் இதனை 1964 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

அளக்கும் முறை கலைப் பட்டதாரியாகிய எனக்கும் விளங்கியது. தொட்டிநீர் 10 மில்லிலீற்றர் எடுத்து, அமிலங் கலந்த மொலிப்டேற்றுக் கரைசலையும் அசுகோபிக்கமிலத்தையும் சேர்த்தால், பொசுபேற்றின் அளவுக்கேற்ப நீலநிறம் தோன்றும். மர்பி, ரைலி என்னும் இருவர் 1962 இல் வெளியிட்ட முறை இது. சில நிமிடம் பொறுத்து, நிற அட்டையோடு ஒப்பிடல் வேண்டும். குழாயைச் சவர்க்காரத்தாற் கழுவலாகாது. சிலவகைச் சவர்க்காரத்திலே பொசுபேற்று உண்டு. கண்ணுக்கு எட்டாத மெல்லிய நீலத்தை நிறமானி காட்டும். ஆயினும் சில நிறமானிகள் பொசுபரசின் அளவை மட்டுமே தரும். அவ்வெண்ணை 3.07 ஆற் பெருக்கினாலே பொசுபேற்றின் அளவு கிடைக்கும்.

எமது முதலளவு லீற்றருக்கு 0.25 மில்லிகிராம். முருகை வளர்ப்போர் பலர் விரும்புவது 0.03 முதல் 0.1 வரை. மருமகன் இரும்பு ஒட்சைட்டு மணிகளூடாக நீரைச் செலுத்தினார். மூன்றாம் நாள் அளவு 0.08 ஆயிற்று.

"போதும் மாமா, மணிகளை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

"ஏன் தம்பி பாதியில் நிறுத்துகிறீர்? பூச்சியத்துக்கே கொண்டு வாரும்" என்றேன்.

அவர் என் சொல்லைத் தட்டவில்லை. அடுத்த கிழமை நீர் நிறமின்றி நின்றது. நான் மகிழ்ந்தேன். சில நாளிற் கிளைமுருகையொன்று வெளிறியது. பின்னர் அடியிலிருந்து தசை உரிந்து வெண்கூடு தெரிந்தது.

முருகையின் தசையினுள் வாழும் நுண்பாசியே அதற்கு உணவில் பெரும்பங்கை ஊட்டுகிறது. அந்நுண்பாசிக்கும் பொசுபேற்று வேண்டும். நைத்திரேற்று மிகுந்து பொசுபேற்று அருகிய நீரிலே, வெப்பத்தாலும் ஒளியாலும் முருகை எளிதில் வெளிறும் என்பதை சவுதாம்ற்றன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013 இல் விளக்கினர். வேண்டாததென நான் விரட்டியது, அளவோடு வேண்டப்படுவதொன்றாகும்.

இன்னுமொன்று. குழாயிலே தோன்றும் நிறம் நீரில் மிஞ்சியிருப்பதை மட்டுமே சொல்லும். பாசி உண்டதையும், கற்கள் உறிஞ்சி வைத்துப் பின்னர் வெளிவிடப் போவதையும் அது சொல்லாது. ஆகவே கண்ணாடியெங்கும் பச்சை படர்ந்திருக்க, எண் பூச்சியமாயிருத்தலுங் கூடும். கிழமைதோறும் ஒரே நேரத்தில் அளந்து குறித்துவைத்தலும், இறக்குவதாயின் சிறிது சிறிதாக இறக்குதலும், எண்ணோடு முருகையின் நிறத்தையும் நோக்குதலுமே தக்க வழிகளாம்.

புள்ளியை மட்டும் பார்த்து மாணவனை மதிப்பிடாதீர்கள் என்று ஆசிரியர்களுக்கு அடிக்கடி சொல்பவன் நான். அந்தத் தொட்டியின் முன்னே அதனை நானே மறந்தேன்.

மருமகன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. உயிர் எஞ்சிய நுனியை வெட்டி வேறொரு கல்லில் ஒட்டிவைத்தார். சென்ற கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது: "மாமா, இன்றைய அளவு 0.05. நுனி வளர்கிறது."