கிளச்சுக் கம்பியின் தளர்வு

கல்முனைக் கடற்கரையிலே கரைவலை கரைசேர்ந்ததும், மீன்பெட்டியைப் பின்னே கட்டிய மோட்டார் சைக்கிள்கள் சம்மாந்துறைப் பக்கமாகப் புறப்படுகின்றன. மணலிலிருந்து தார்வீதிக்கு ஏறும் அச்சிறு தூரத்திலேதான் கிளச்சுக்குச் சோதனை. பாரமோ அதிகம், சக்கரமோ மணலிற் புதைகிறது. ஓட்டுபவர் கைப்பிடியை அரைவாசி அழுத்தியவாறே எஞ்சினை உறுமவைக்கிறார். ஐஸ் உருகிய பின் மீனுக்கு விலை இல்லை. வண்டி வழியில் நின்றால் அன்றைய முதல் போயிற்று.

எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கொடுப்பதும் தடுப்பதும் கிளச்சின் தொழில். பெரும்பாலான வண்டிகளில் உராய்வுத் தகடுகளும் உருக்குத் தகடுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டு, எண்ணெயில் நனைந்திருக்கும். சுருள்விற்கள் அவற்றை நெருக்கிப் பிடிக்கின்றன. கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுபட்டு, தகடுகள் விலகுகின்றன.

கைப்பிடி சற்றே ஆடுவதைப் பழுதென்றெண்ணி இறுக்கிவிடுவோர் பலர். கேடு அங்கேதான் தொடங்குகிறது. தளர்வு அறவே இல்லையெனில், கையை எடுத்த பின்னும் கம்பி இழுத்துக்கொண்டேயிருக்கும். தகடுகள் முழுமையாகப் பற்றாமல் வழுக்கிச் சூடேறிக் கருகும். எஞ்சின் இரையும், வேகமோ ஏறாது. பொதுவாகக் கைப்பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா அசையவேண்டும்; சரியான அளவை அந்தந்த வண்டியின் கைந்நூல் கூறும். தளர்வு மிஞ்சினாலும் தொல்லையே: தகடுகள் பிரியாமல், கியர் போட்டதும் வண்டி துள்ளும், நியூட்ரல் அகப்படாது. இன்னொன்று, தகடு தேயத் தேயத் தளர்வு கூடுமென்றே பலர் நினைப்பர். உண்மையில் அது குறையும். கம்பி நீளும்போதுதான் கூடும். ஆதலால் அடிக்கடி பார்ப்பது அவசியம்.

சிறு திருத்தத்திற்குக் கைப்பிடியருகே உள்ள திருகு போதும். பூட்டுநட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மீண்டும் நட்டை இறுக்குக. அது போதாவிடின் எஞ்சின் பக்கத்துத் திருகை நாடுக. பின்னர் ஹாண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தல் நன்று. கம்பி எங்கேனும் இழுபட்டால் தளர்வு மாறிவிடும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். மலிவென்று கார் எண்ணெயை ஊற்றினால், சிலவற்றிலுள்ள வழுக்குச் சேர்மங்கள் தகடுகளை வழுக்கச் செய்யும். நனைந்த கிளச்சுக்கு உரியது ‘ஜாசோ எம்ஏ’ எனக் குறித்த எண்ணெய்.

தகடு கருகினால் கராஜுக்குப் போகாமல் முடியாது. கம்பி அப்படியன்று. உப்புக்காற்று அதனை உள்ளே துருப்பிடிக்கச் செய்யும். கைப்பிடி முனையில் ஓரிழை அறுந்து தெரிந்தாலே மாற்றிவிடவேண்டும். மீன்பெட்டியோடு போகிறவர் புதுக்கம்பி ஒன்றை ஆசனத்தின் கீழே வைத்திருப்பது நல்லது.