மழை வருமுன்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் முழங்கிய இம்மேடையில், ரயில்வே எழுத்து வேலையில் காலங்கழிக்கும் எம்போன்றோர் கூரை ஓட்டையும் சாக்கடையையும் பற்றிப் பேச எழுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் ஒழுகும் வீட்டில் எந்த நூலையும் விரித்துப் படிக்க இயலாதன்றோ!

நம் குடும்பங்களிற் பல மதுரை, தேனி, நெல்லை, கோவைப் பகுதிகளிலிருந்து வந்தவை. அங்கே மழையென்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போதே கூரையையும் பார்த்துக்கொள்வது முன்னோர் வழக்கம். மலைக்கு மேற்கே அக்கணக்குச் செல்லாது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாளென வானிலைத் துறை குறித்திருப்பது ஜூன் 1. அதாவது வைகாசி நடு. மலையாள அயலார் இதனை இடவப்பாதி என்பர். அவர்கள் மேட மாதத்திலேயே ஓடு மாற்றி, விறகடுக்கி முடித்துவிடுகின்றனர். நாமோ சித்திரையில் ஊர்த் திருவிழாவிற்குச் சென்று, பள்ளி திறக்கும் நாளில் மூட்டை முடிச்சுகளோடு திரும்புகிறோம். மழையும் நம்மோடு வந்திறங்குகிறது.

இருப்புப்பாதைக்காரர்கள் இவ்வாறு இருப்பதில்லை. கோடையிலேயே பாதையோர வடிகால்களும் சிறு பாலங்களின் கண்களும் தூர் வாரப்படுகின்றன. பாலத் தூண்களில் அபாய மட்டம் தீட்டப்படுகிறது. கல்லும் மணலும் முன்கூட்டியே சேமிக்கப்படுகின்றன. மழை இரவுகளில் காவலர் விளக்கேந்திப் பாதை நெடுகிலும் நடக்கின்றனர். இத்தகைய காவலுக்கும் ஓர் எல்லையுண்டு. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடிற்று என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார். 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல் வந்த பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றது. பின்னர் அது மீண்டும் போடப்படவேயில்லை.

வீட்டிற்கு வருவோம். உடைந்த ஓட்டையும் முறிந்து விழக்கூடிய கிளையையும் சித்திரைக்குள் அகற்றுதல் வேண்டும். கூரைத் தண்ணீர் விழும் இடமும் அது ஓடிப் போகும் வழியும் எவையென்று ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். அண்டை வீட்டு வாசலில் அதனைத் திருப்பிவிடுவது வடிகால் ஆகாது, வழக்கு ஆகும். மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி இல்லாத வீடுகள் இன்னும் உள. அதனைப் பொருத்துதல் அவசியம். பொருத்தியோர் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கவேண்டும்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் குறுக்களவும் மூன்று மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். 47 கிராம் போதும். அதனை நீரில் குழைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கிய பின், தெளிவை மட்டும் வாளியிலிட்டுக் கிணற்றுள் இறக்கி ஆட்டவேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் இறைக்கலாம். கைப்பிடி கணக்கில் கொட்டுவது பலருடைய வழக்கமாக இருக்கிறது. அது வயிற்றுக்கும் நன்றன்று, பணத்துக்கும் நன்றன்று.

வண்டி வைத்திருப்போர் டயரின் வெட்டு ஆழத்தைப் பார்க்கவேண்டும், காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குக. பிரேக்கை மட்டும் நம்பற்க. தேவிகுளத்தை அடுத்த கேப் ரோட்டில் 2019இலும் 2020இலும் மலை சரிந்தது. பெருமழை நாளில் அவ்வழி செல்லாதிருத்தலே எல்லாவற்றினும் சிறந்த பாதுகாப்பு.

படகு நம்மவரிடம் இல்லை. எனினும் ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் தேக்கடிக்கு அழைத்துச் செல்கிறோம். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். மிதவைச் சட்டையை அணிந்து, கொடுத்த இருக்கையிலேயே அமர்க. யானையைக் காட்டப் பிள்ளைகளை ஒரு பக்கமாக எழுப்பற்க.

இனிக் கூறுவது தோட்டத்து லயங்களில் வாழும் நம் உறவினர்க்கு. 2020 ஆகஸ்டு 6 இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவு லயங்களை மூடிற்று. 70 பேர் மறைந்தனர். அவர்களிற் பலர் தமிழ்நாட்டில் வேர் கொண்ட குடும்பத்தினர். தொடர்பு அறுந்தமையால் செய்தி வெளியே வர விடியலாயிற்று. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, மழை பெய்தும் வற்றும் ஓடை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொழுது சாயுமுன் இடம் பெயர்க. சிவப்பு எச்சரிக்கை என்பது 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பதாம். எவர் வீட்டிற்குச் செல்வது என்பதைக் கோடையிலேயே பேசி முடிக்கவேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

எடுத்துச் செல்லும் பையில் துணிக்கு முன்னே தாள்கள் இருக்கட்டும். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நகல் கிடைக்கும். பாட்டனார் தோட்டத்தில் பெயர் பதிந்த பழைய சீட்டுக்குக் கிடைக்காது. சாதிச் சான்று கேட்கும்போது, 1950 ஆகஸ்டு 10ஆம் நாளைய குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, அதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததா என வினவுகின்றனர். ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் அந்த மங்கிய தாளில் இருக்கிறது. ஆதலின் சித்திரை இரண்டாம் ஞாயிறு காலை சங்கக் கட்டிடத்தில் நகலெடுக்கவும் கைபேசியில் படமெடுக்கவும் ஏற்பாடாகியிருக்கிறது. மூலத் தாளையே கொண்டுவருக, மடித்துக் கொண்டுவரவேண்டாம்.